பத்தின் தோளில் முப்பத்தொன்று

கோலார் தங்கவயலின் பெயரை உலக இயற்பியல் நூல்களில் ஏற்றிய எண்களில் பல, அடுக்குக்குறி இல்லாமல் எழுத முடியாதவை. அடுக்குக்குறி என்பது ஓர் எண்ணை எத்தனை முறை அடுக்கிப் பெருக்க வேண்டும் என்பதைக் காட்ட, அதன் வலத் தோளில் சிறிதாக ஏற்றி எழுதப்படும் எண் ஆகும். பத்தின் தோளில் முப்பத்தொன்றை ஏற்றினால், ஒன்றுக்குப் பின் முப்பத்தொரு பூஜ்யங்கள் வரும் என்று பொருள். காகிதத்தில் எழுதும்போது அந்தச் சிறு உயரத்தைக் கையே பார்த்துக்கொள்கிறது. கணினியில் எழுதி, ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு மாற்றும்போதோ அதைப் பார்த்துக்கொள்ள எவரேனும் இருந்தாக வேண்டும். இல்லையெனில் தோளில் இருந்த எண் கீழே இறங்கி, பத்தோடு ஒரே வரிசையில் நின்று, முற்றிலும் வேறோர் எண்ணாகிவிடும்.

இக்கட்டுரையாளர் சாம்பியன் ரீஃப் பகுதியில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பாகிய லைன் வீடு ஒன்றில், சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்தவர். கேஜ் எனப்படும் இரும்புக் கூண்டில், ஷாஃப்ட் எனப்படும் செங்குத்துக் குழியின் வழியே இறங்கிப் போன பெரியவர்கள், தங்கம் வெட்டும் இடத்துக்கு அப்பால் ஒரு குகையில் விஞ்ஞானிகள் இரும்புத் தகடுகளை அடுக்கி வைத்து எதற்காகவோ காத்திருப்பதாகச் சொல்லக் கேட்டே அவரது சிறுவயது கழிந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டு, ஊரில் பாதிப் பேர் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் வாழ்க்கைக்குப் பழகிவிட்ட பின், அந்தக் காத்திருப்பு என்னவென்று ஊரார் படிக்கும்படி தமிழில் ஒரு சிறு நூல் எழுத அவர் முனைந்தார். அதன் பெரும்பகுதி அந்த ரயிலில், பழைய மடிக்கணினி ஒன்றில் எழுதப்பட்டது.

அந்நூல் வெற்றுரையாக எழுதப்பட்டது. வெற்றுரை என்பது எழுத்துகளையும் குறிகளையும் தவிர வேறெதுவும் இல்லாத கோப்பு. தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, ஏற்றிய எழுத்து என்ற ஒப்பனைகள் அதில் இருக்க முடியாது. எந்த வேலை வேண்டுமோ அதைச் சொல்லும் குறிகள் மட்டுமே இருக்கும். ஈமாக்ஸ் என்னும் எழுதுகருவியில் இயங்கும் ஆர்க் முறை அத்தகையது. நெதர்லாந்தில் பணிபுரிந்த வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தொடங்கிய அம்முறையில், ஒரே மூலக் கோப்பை அச்சுப் பக்கமாகவும் இணையப் பக்கமாகவும் வேர்டு போன்ற செயலிகள் திறக்கும் ஆவணமாகவும் மாற்றிக்கொள்ளலாம். இந்த மாற்றத்தையே எக்ஸ்போர்ட் என்பர். பழைய கணினியிலும் சுமையின்றித் திறக்கும், மின்சாரம் நின்றாலும் எழுதியது கெடாது, இருபது ஆண்டுகள் கழித்தும் படிக்கலாம் என்ற காரணங்களுக்காகவே அவர் வெற்றுரையைத் தேர்ந்தார். அந்தத் தேர்வு சரியானது என்ற எண்ணம், பின்னால் நேர்ந்தவை அனைத்துக்கும் பிறகும் அவருக்கு மாறவில்லை.

சொல்ல வேண்டிய வரலாறு பெரியது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிப் பிறப்பிக்கும் மியூவான் என்னும் துகள்கள் பாறையைத் துளைத்துக்கொண்டு எவ்வளவு ஆழம் வரை செல்கின்றன என்பதை அளக்க, ஹோமி பாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி.வி. ஸ்ரீகண்டன் 1950-களின் தொடக்கத்திலேயே தங்கவயலுக்கு வந்தார். பின்னர் எஸ். மியாகே, வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமணமூர்த்தி ஆகியோர் இன்னும் ஆழமான மட்டங்களில் அளந்து கொண்டே போனபோது, மிக ஆழமான இடத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் கருவி ஒரு மியூவானையும் பதியவில்லை. வெறுமை என்று கைவிடத்தக்க அந்த முடிவே அவ்வூரின் பேறாயிற்று. மேலிருந்து வரும் மியூவான்களை ஏறக்குறைய முற்றிலும் பாறை தடுத்துவிடும் இடத்தில் ஒரு மியூவான் பக்கவாட்டில் வந்தால், அது எந்தப் பாறையும் தடுக்காத நியூட்ரினோ என்னும் துகள் அங்கேயே மோதிப் பிறப்பித்ததாகத்தான் இருக்க வேண்டும். எம்.ஜி.கே. மேனன் தலைமையில் டாட்டா நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்ட் பகுதியில் 7600 அடி ஆழத்தில் வைத்த கருவிகள் 1965-இல் அத்தகைய மியூவான்களைப் பதிந்தன. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகக் கண்ட பெருமையை, அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் பணியாற்றிய ஃபிரெடரிக் ரைன்ஸ் குழுவோடு தங்கவயல் பகிர்ந்துகொள்கிறது.

1980-இல் தொடங்கிய அடுத்த ஆய்வு, புரோட்டான் சிதையுமா என்ற கேள்விக்கானது. அணுக்கருவில் உள்ள புரோட்டான் நிலையானது என்றே அதுவரை கருதப்பட்டது; அது மிக நீண்ட காலத்துக்குப் பின் சிதையும் என்றும், அதன் ஆயுள் 10³¹ ஆண்டுகள் அளவில் இருக்கக்கூடும் என்றும் அக்காலக் கோட்பாடுகள் சொல்லின. அவ்வளவு ஆண்டுகள் ஒரு புரோட்டானுக்காகக் காத்திருக்க இயலாது. மாறாக அவ்வளவு புரோட்டான்களை ஓரிடத்தில் குவித்து ஓராண்டு காத்திருக்கலாம். ஏறக்குறைய 2300 மீட்டர் ஆழத்தில், 34 அடுக்குகளாகத் துகள் எண்ணிகளையும் அவற்றிடையே இரும்புத் தகடுகளையும் வைத்து எழுப்பப்பட்ட கருவியின் எடை 140 டன். அதில் புரோட்டான்களும் நியூட்ரான்களுமாகச் சேர்ந்து 8.4 × 10³¹ துகள்கள் உள்ளன என்று பள்ளிக்கூட வேதியியலைக் கொண்டே கணக்கிடலாம். ஆயுள் 10³¹ ஆண்டுகள் என்றால் ஆண்டுக்கு எட்டுத் துகள்கள் சிதைய வேண்டும். எட்டு என்பது விரல்விட்டு எண்ணத்தக்க எண். ஆழமும் எடையும் காத்திருப்பும் ஒன்றாகப் பொருந்தும் இந்தக் கணக்கே நூலின் உயிர்நிலை என்று கருதிய இக்கட்டுரையாளர், அதற்காக ஒரு முழு அத்தியாயத்தை ஒதுக்கினார்.

நூலின் முதல் அச்சு வெளிவந்தபோது அந்த அத்தியாயத்தில் புரோட்டானின் ஆயுள் 1031 ஆண்டுகள் என்று இருந்தது. ஒரே இடத்தில் அல்ல, வந்த இடமெல்லாம் அப்படியே இருந்தது. மெய்ப்பு பார்த்தவர்கள் தமிழ்ப் பிழைகளைத் தேடினார்களே தவிர எண்களின் உயரத்தைப் பார்க்கவில்லை. இக்கட்டுரையாளரும் தம் கோப்பில் சரியாக இருந்ததால் தாளிலும் சரியாகவே இருக்கும் என்று நம்பிவிட்டார். பிழையைக் கண்டுபிடித்தவர், முப்பது ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவர் நூலைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “ஆயிரத்து முப்பத்தோரு வருசம்னா நம்ம கோலாரம்மா கோயிலுக்கு ஆன வயசுதானே தம்பி? அந்தக் கோயில் கல்லே இன்னும் கரையாம நிக்குதே, இரும்பு எப்படிக் கரையும்?” என்று கேட்டார். கோலாரம்மா கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன என்பதால் அவர் சொன்ன வயது ஏறக்குறையச் சரியே. அவர் எழுப்பிய ஐயமும் மிகச் சரியானது. ஆயுள் வெறும் 1031 ஆண்டுகளாக இருந்திருந்தால், அந்த 140 டன் இரும்பில் ஆண்டுதோறும் சுமார் 136 கிலோ காணாமல் போயிருக்கும். அதைக் காண இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இறங்க வேண்டியதில்லை, ஒரு தராசு போதும்.

பிழை எங்கே நுழைந்தது என்று தேடிப் போனதில் அவர் கற்றது ஏராளம். மூலக் கோப்பில் பத்துக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையே கூரை போன்ற ஒரு குறி இருந்தது. ஆர்க் முறை அதைக் கண்டவுடன் பின்வரும் எண்ணை ஏற்றி எழுத வேண்டும் என்று புரிந்துகொள்கிறது. வேர்டு வகை ஆவணமாக மாற்றியபோது எண் முறையாகத் தோளில் ஏறியது. ஆனால் அந்த ஆவணத்தில் ஏற்றம் என்பது எழுத்தின் பகுதியன்று. எழுத்தின் மேல் போர்த்திய ஒப்பனை. நூலை அமைத்துத் தந்த அச்சகத்தில், பல தமிழ் அச்சகங்களில் இருந்ததுபோல, பக்கம் அமைக்கும் செயலி, உலகப் பொதுக் குறியேற்றமாகிய யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவைப் பயன்படுத்தியது; ஆகவே உரையை நகலெடுத்து, எழுத்துரு மாற்றியில் இட்டு, பழைய குறியேற்றத்துக்கு மாற்றி, மறுபடியும் ஒட்டினார்கள். மாற்றி எழுத்துகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும். போர்வை அங்கேயே விழுந்துவிட்டது.

யூனிகோடில் ஏற்றிய எண்களுக்கென்றே தனி எழுத்துகள் இருக்கும்போது அவற்றையே தட்டிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அவரும் அதைச் செய்து பார்த்தார். சிறிய 1, 2, 3 ஆகிய மூன்றும் பழைய ஐரோப்பியக் குறியேற்றத்திலிருந்தே வந்தவை என்பதால் ஏறக்குறைய எல்லா எழுத்துருக்களிலும் உள்ளன. சிறிய 0-உம் 4 முதல் 9 வரையிலான மற்றவையும் யூனிகோடின் வேறொரு பகுதியில் இடம்பெற்றதால் பல எழுத்துருக்களில் இல்லை. இதன் விளைவு விசித்திரமானது. 10³¹ அழகாக அமைந்தது. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே கருவி பின்னாளில் புரோட்டானின் ஆயுளுக்கு நிறுவிய வரம்பாகிய 10³⁴ என்ற எண்ணிலோ, 3 ஓர் எழுத்துருவிலிருந்தும் 4 இன்னோர் எழுத்துருவிலிருந்தும் வந்து, ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும், உயரம் ஒவ்வாமல் நின்றன. சில கைபேசிகளில் 4 இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்கட்டம் தெரிந்தது.

சூத்திரத்தை எழுதுவதற்கு அதன் தோற்றத்தை வரைவதைவிட அதன் அமைப்பைச் சொல்வதே உறுதியான வழி என்று கண்டு அதை நடைமுறைப்படுத்தியவர்களில் ஒருவர் அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் குனுத். தம் நூலின் இரண்டாம் பதிப்புக்கான மெய்ப்பு 1977-இல் கைக்கு வந்தபோது, சூத்திரங்கள் அமைந்திருந்த விதம் பொறுக்க முடியாமல், அச்சுக்கோப்புக்கென்றே டெக் என்னும் மொழியை அவர் உருவாக்கினார். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பிய லேடெக் 1980-களில் பரவியது. அம்மொழியில் பின்னம் வேண்டுமென்றால் பின்சாய்கோடு இட்டுப் பின்னம் என்ற கட்டளையும், அடைப்புக்குள் தொகுதியும் பகுதியும் எழுதினால் போதும். எந்த உயரம், எந்த அளவு என்பதை எந்திரம் கணக்கிடும். ஹீத்கோட் ஷாஃப்டின் முடிவுகளை எழுதிய காலத்தில் இந்த வசதி எவருக்கும் இல்லை. ஆய்வுத்தாள்கள் தட்டச்சில் அடிக்கப்பட்டு, பொறியில் இல்லாத கிரேக்க எழுத்துகளுக்கு இடம் விட்டு, பின்னர் பேனாவால் நிரப்பப்படுவதே வழக்கம். அந்த வெற்றிடங்களைக் கையால் நிரப்பியவர்கள் எண்ணின் உயரத்தில் தவறியிருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் இக்கட்டுரையாளருக்குப் பலமுறை வந்ததுண்டு.

ஆகவே அவர் நூல் முழுவதையும் திருத்தி, ஒவ்வொரு எண்ணையும் சூத்திரத்தையும் லேடெக் மொழியில் எழுதினார். ஆர்க் முறை அவற்றைத் தனியே அடையாளம் கண்டு, அச்சுக்குப் போகும்போது லேடெக்கிடமும், இணையப் பக்கத்துக்குப் போகும்போது உலாவியில் சூத்திரம் வரையும் மேத்ஜாக்ஸ் என்னும் நிரலிடமும் ஒப்படைக்கும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும். தமிழில் எழுதுபவருக்கு இங்கேதான் வேலை தொடங்குகிறது. லேடெக்கின் பழைய எந்திரம் தமிழ் அறியாது. யூனிகோடு அறிந்த ஸீலேடெக் எந்திரத்துக்கு மாறி, தமிழ் எழுத்துருவைப் பெயர் சொல்லி அமர்த்த வேண்டியிருந்தது. அமர்த்திய பின்னும், மீட்டரில் சொன்ன ஆழத்தைப் பாறையின் அடர்த்தியால் பெருக்கி நீரின் ஆழத்துக்குச் சமமாக்கும் எளிய சூத்திரத்தில், சமக்குறிக்கு இடப்புறம் எழுதிய ‘ஆழம்’ என்ற சொல் தாளில் இல்லாமலே போயிற்று. கணிதப் பகுதிக்கென எந்திரம் வைத்துக்கொள்ளும் எழுத்துருவில் தமிழ் இல்லை. இல்லாத எழுத்தை அது சத்தமின்றி விட்டுவிட்டு, எவரும் திறந்து பார்க்காத பதிவேட்டில் மட்டும் ஒரு வரி எழுதி வைத்தது. இது கணிதமன்று, சொல் என்று சுட்டும் கட்டளைக்குள் தமிழை வைத்து, அச்சொல்லுக்கும் தமிழ் எழுத்துருவை வலிந்து கொடுத்த பிறகே 2316 மீட்டர் பாறை ஏறக்குறைய 7000 மீட்டர் நீருக்குச் சமம் என்ற வரி முழுமையாக வந்தது.

இணையப் பக்கத்தில் நேர்ந்தது இதைவிடக் கடுமையானது. டெக் மொழியில் கணிதம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் டாலர் குறியால் காட்டுவது பழைய மரபு. தட்ட எளிது என்பதால் அவரும் அதையே கைக்கொண்டு, மேத்ஜாக்ஸ் நிரலில் ஒற்றை டாலரை ஏற்கும் அமைப்பையும் இயக்கி வைத்திருந்தார். நூலின் முன்னுரையிலோ தங்கத்தின் விலை பற்றி ஒரு பத்தி இருந்தது. அவுன்சுக்கு 35 டாலராகப் பல்லாண்டுகள் நிலைத்திருந்த அதிகாரப்பூர்வ விலை 1973-இல் 42.22 டாலராக உயர்ந்ததை அது சொன்னது, இரண்டு விலைகளையும் டாலர் குறியோடு. நிரல் முதல் குறியைக் கணிதத்தின் தொடக்கமாகவும் இரண்டாவதை முடிவாகவும் கொண்டு, இடையில் இருந்த தமிழ் வாக்கியம் முழுவதையும் சூத்திரமாக எண்ணியது. சூத்திரத்தில் இடைவெளிக்குப் பொருள் இல்லாததால் சொற்கள் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி மாறியாகக் கருதப்பட்டதால் உயிர்மெய்கள் உடைந்தன. கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக, புள்ளிகள் தாங்க மெய்யில்லாமல் புள்ளிவட்டங்களின் மேல் அமர்ந்திருக்க, ‘தொழிலாளர்’ என்ற சொல் சிதறிக் கிடந்ததைப் பார்த்தது இக்கட்டுரையாளருக்கு மிகுந்த வேதனை தந்தது. மேத்ஜாக்ஸ் ஒற்றை டாலரை இயல்பாக ஏற்காமல் இருப்பது இத்தகைய விபத்துக்கு அஞ்சியே என்பது பின்னர்தான் அவருக்குத் தெரிந்தது. டாலரைக் கைவிட்டு, பின்சாய்கோட்டுடன் கூடிய அடைப்புக்குறிகளால் கணிதத்தைச் சூழ்வது, விலைவாசியும் அறிவியலும் கலந்து வரும் எந்த நூலுக்கும் பாதுகாப்பானது.

இவ்வளவு தொல்லை எதற்கு, சூத்திரங்களைப் படமாக்கி ஒட்டிவிடுங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். அதற்கு மதிப்புமிக்க முன்மாதிரியும் உண்டு. ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களை அதே டாட்டா நிறுவனம் 1957-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டபோது, அச்சுக் கோக்காமல் கையெழுத்தை அப்படியே நிழற்படமாகவே தந்தது. ஒரு குறியும் தவறாமல் காக்க அதுவே வழி. எனினும் அந்தச் சூத்திரங்களை ஒவ்வொன்றாக அச்செழுத்தில் கோத்து, மெய்ப்பித்து, கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட் ஐந்து பாகங்களாக வெளியிட 1985 முதல் 1998 வரை ஆயிற்று என்பதையும் நினைக்க வேண்டும். படம் காக்கும், ஆனால் அதன் மேல் வேலை செய்ய விடாது. ஆழத்தோடு மியூவான்கள் குறைவதைச் சொல்லும் மியாகேயின் சூத்திரத்தில் பின்னம், எதிர்க்குறி அடுக்கு, அடுக்குச் சார்பு ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும். படமாக்கிய அந்தச் சூத்திரம் சிறிய கைபேசியில் எறும்பளவு சுருங்கியது, பெரிதாக்கினால் மங்கியது, பார்வையற்றவருக்கு உரையை வாசித்துக் காட்டும் செயலி அதைத் தாண்டிப் போயிற்று. சூத்திரத்தின் அமைப்பையே குறித்து வைக்கும் மேத்எம்எல் முறை 1998 முதல் இருந்தும், எல்லா உலாவிகளும் அதை ஏற்க நீண்ட காலம் பிடித்தது. எனவே படத்தைத் தவிர்த்ததோடு, ஒவ்வொரு பெரிய எண்ணுக்கும் பக்கத்தில் ‘பத்தின் முப்பத்தொன்றாம் அடுக்கு’ என்று சொல்லாலும் எழுதும் முடிவை அவர் எடுத்தார். எந்த மாற்றியும் அந்தச் சொற்களைக் கீழே இறக்க முடியாது. மாகாணி, முந்திரி என்று மிகச் சிறிய பின்னங்களுக்கும் பெயர் வைத்து வாயால் கணக்குச் சொல்லி வளர்ந்த மொழிக்கு இது அந்நியமான வழக்கமும் அன்று.

இரண்டாம் அச்சுக்கு, வேர்டு வகை ஆவணம் கொடுக்கப்படவில்லை. எழுத்துருக்கள் உள்ளேயே பதிந்த பிடிஎஃப் பக்கங்களாக, இனி எவரும் நகலெடுத்து ஒட்டத் தேவையில்லாத வடிவில், நூல் முழுமையாக அனுப்பப்பட்டது. அச்சானதும் முதல் படியை எடுத்துக்கொண்டு இக்கட்டுரையாளர், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுக்கு அருகே உள்ள அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனார். புரோட்டான் அத்தியாயத்தில் இம்முறை எண்ணும் சொல்லும் போதாதென்று, ஒன்றுக்குப் பின் பூஜ்யங்கள் அனைத்தையும் ஒரு முழு வரியாகவும் அச்சிட்டிருந்தார்கள். பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் நூலைப் பிடித்து, விரல் நகத்தால் ஒவ்வொரு பூஜ்யமாகத் தொட்டு, பத்துக்கு ஒருமுறை நிறுத்தி எண்ணி முடித்து, “முப்பத்தொண்ணு இருக்கு தம்பி” என்றார்.